மறைத்து எடுத்துச் செல்லும் பிஸ்டலுக்கு எந்தத் தோட்டா?

வாசு_பிளானோ

அனைவருக்கும் வணக்கம். டெக்சாஸில் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லும் லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. வைத்திருப்பது சிக் சாயர் பி365, 9 மி.மீ., குழல் நீளம் 3.1 அங்குலம். பயிற்சிக்கு 115 கிரெயின் (குண்டின் எடை அளவு) ஃபுல் மெட்டல் ஜாக்கெட், அதாவது முழு உலோக உறை போட்ட தோட்டாக்களைத்தான் சுட்டு வருகிறேன். தற்காப்புக்கு ஹாலோ பாயிண்ட் (முனையில் குழி இருந்து, பட்டதும் விரியும் குண்டு) வாங்கலாம் என்று கடைக்குப் போனால் சுவர் முழுக்கப் பெட்டிகள். கடைக்காரர் 124 கிரெயின் பிளஸ் பி வாங்கச் சொல்கிறார். ரேஞ்சில் பழக்கமான ஒருவர் 147-க்குக் குறைவாக எதையும் தொடாதே என்கிறார். பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தையும் அடி-பவுண்டு ஆற்றல் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தால் இலேசான குண்டுகள்தான் முந்துகின்றன.

நாங்கள் இருப்பது அபார்ட்மெண்ட். பக்கத்து வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். குண்டு சுவரைத் தாண்டி அங்கே போய்விடக் கூடாது என்பதுதான் என் மனைவியின் முதல் கவலை, என்னுடையதும் அதுவே. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

சுந்தரம்_ஹூஸ்டன்

வாசு தம்பி, பெட்டியில் இருக்கும் அடி-பவுண்டைப் பார்த்துத் தோட்டா வாங்காதீர்கள். 9 மி.மீ. தோட்டாவுக்கு அந்த எண் பெரும்பாலும் 4 அங்குலச் சோதனைக் குழலில் அளந்தது. உங்கள் குழலில் வேகம் அதைவிடக் குறையும். தவிர, கைத்துப்பாக்கிக் குண்டு ஆளைத் தூக்கி எறியாது. அது திரைப்படத்தில் மட்டும் நடப்பது. குண்டு உடலில் எந்த இடத்தைத் தொடுகிறது, அங்கே போய்ச் சேரும் அளவுக்கு ஆழம் போகிறதா, இந்த இரண்டும்தான் கேள்வி.

இதை அமெரிக்கக் காவல்துறை உயிர்களைக் கொடுத்துக் கற்றது. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியின் தெற்குப் புறநகரில் எஃப்.பி.ஐ. ஏஜெண்டுகள் எட்டுப் பேர், கொள்ளையர்களான மைக்கேல் பிளாட், வில்லியம் மேட்டிக்ஸ் இருவரையும் மடக்கினார்கள். ஏஜெண்ட் ஜெரி டவ் சுட்ட 9 மி.மீ. வின்செஸ்டர் சில்வர்டிப் குண்டு ஒன்று பிளாட்டின் வலது மேற்கையைத் துளைத்து, மார்புக்குள் நுழைந்து, நுரையீரலைக் கிழித்து, இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. அது ஆளைக் கொல்லக்கூடிய காயம்தான். ஆனால் உடனே வீழ்த்தவில்லை. பிளாட் அதற்குப் பிறகும் ரைஃபிளை விடாமல் சுட்டான். டவ்வும் பெஞ்சமின் குரோகனும் இறந்தார்கள். மற்ற ஆறு பேரில் ஐந்து பேர் காயமடைந்தார்கள்.

அந்தக் குண்டு விரிய வேண்டியபடி விரிந்தது. போக வேண்டிய ஆழம்தான் போகவில்லை. கைகளைத் தொங்கவிட்டு நேர் எதிரே நிற்பவனாக இருந்தால் அந்த ஆழம் போதியிருக்கலாம். துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்பவனின் கை மார்புக்கு முன்னால் அல்லவா இருக்கிறது? முதலில் கையைத் துளைத்து, பிறகு பக்கவாட்டில் மார்புக்குள் போக வேண்டும். எஃப்.பி.ஐ. குறைந்தபட்சம் 12 அங்குல ஆழம் கேட்பதற்குக் காரணம் இதுதான். 18-க்கு மேல் வேண்டாம் என்பது, குண்டு மறுபுறம் வெளியேறி அடுத்தவர் மேல் படக் கூடாது என்பதற்காக.

இந்த ஆழத்தை அளப்பது பத்து விழுக்காடு ஜெலட்டின் கட்டியில். இந்த முறையை நிலைநாட்டியவர்களில் முதன்மையானவர் ராணுவ அறுவை மருத்துவர் மார்ட்டின் ஃபேக்ளர். ஜெலட்டின் தூளைக் கரைத்து, கட்டியாக்கி, 4 டிகிரி செல்சியஸில் வைப்பார்கள். சோதனைக்கு முன்பு சிறிய எஃகு மணி ஒன்றை வினாடிக்கு 590 அடி வேகத்தில் அதற்குள் சுடுவார்கள். மணி சுமார் 8.5 சென்டிமீட்டர் ஆழத்தில் நின்றால்தான் கட்டி சரியான பதம். முன்பின் இருந்தால் அந்தக் கட்டியில் எடுத்த அளவு செல்லாது. யூடியூபில் கண்ணாடிபோல் தெளிவாக மின்னும் கட்டிகள் செயற்கை ஜெல். அதில் வரும் ஆழத்தை அப்படியே 12–18 கணக்கோடு ஒப்பிடக் கூடாது.

பிறகு துணி. வெறும் ஜெலட்டினில் அழகாக மலரும் ஹாலோ பாயிண்ட், நான்கு அடுக்கு டெனிமைத் தாண்டும்போது வாய் நிறையத் துணியை அடைத்துக்கொள்ளும். அப்படி அடைத்துக்கொண்டால் சில குண்டுகள் விரியவே விரியாமல், ஃபுல் மெட்டல் ஜாக்கெட் போல நேராகப் போய்விடும். குறுகிய குழலில் வேகம் குறைவதால் இந்தச் சிக்கல் கூடும். ஆகவே உங்களுக்கு வேண்டிய தகவல் ஒன்றே: 3 அங்குலத்தை ஒட்டிய குழலிலிருந்து, டெனிம் வழியாகச் சுட்டபோது, 12-ஐத் தாண்டி, 18-க்குள் நின்று, விரிந்ததா? ஃபெடரல் எச்.எஸ்.டி. 124, 147 இரண்டும், ஸ்பியர் கோல்ட் டாட் 124 பிளஸ் பி-யும் இந்தச் சோதனையில் பல ஆண்டுகளாக நல்ல பெயர் எடுத்தவை. கோல்ட் டாட்டில் குறுங்குழலுக்கென்றே தனி வகையும் உண்டு.

பிளஸ் பி என்றால் அழுத்தம் கூடுதல். சாதாரண 9 மி.மீ.-க்கு உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. பிளஸ் பி-க்கு 38,500. துப்பாக்கியோடு வந்த கையேடு அனுமதித்தால் மட்டுமே போடுங்கள். சின்னத் துப்பாக்கியில் கூடுதல் உதை, கூடுதல் தீப்பிழம்பு. இரண்டாவது குண்டைக் குறியில் வைக்கச் சிரமப்படுவீர்கள் என்றால் அந்தக் கூடுதல் வேகம் வீண்.

சுவர் விஷயத்தில் உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. 12 அங்குல ஜெலட்டினைத் துளைக்கும் எந்தக் குண்டும் ஜிப்சம் பலகைச் சுவரைத் துளைக்கும். ஹாலோ பாயிண்டின் வாயில் ஜிப்சம் அடைத்துக்கொண்டால் அதுவும் விரியாமல் அடுத்த அறைக்குப் போகும். சுவருக்காகவே விற்கப்படும் நொறுங்கும் குண்டுகள் மனித உடலிலும் மேலோட்டமாக நின்றுவிடுகின்றன. மயாமியில் நடந்ததை விலை கொடுத்து வாங்குவது போல. பிள்ளைகள் தூங்கும் சுவர் எது, வீட்டுக்குள் எந்தத் திசையில் சுடவே கூடாது என்பதை மனைவியும் நீங்களும் பகல் வெளிச்சத்தில் நின்று முடிவு செய்யுங்கள். அதைத் தோட்டாவிடம் ஒப்படைக்க முடியாது.

கிருஷ்_ஆஸ்டின்

சுந்தரம் ஐயா சொன்ன கதையின் பாடம் எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. 9 மி.மீ. தோற்றது, அவ்வளவுதான். எஃப்.பி.ஐ.யே அதற்குப் பிறகு 10 மி.மீ.-க்கும் .40-க்கும் (குண்டின் குறுக்களவு, அங்குலக் கணக்கில்) போனது. நான் .45 வைத்திருக்கிறேன், 230 கிரெயின். விரியாவிட்டாலும் துளை பெரிது. விரிந்தால் இன்னும் பெரிது. சிறிய குண்டை வைத்துக்கொண்டு அது விரியுமா விரியாதா என்று ஏன் கவலைப்பட வேண்டும்?

கலா_அட்லாண்டா

அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். துளையின் அளவைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேசுவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது, கிருஷ். கைத்துப்பாக்கிக் காயத்தோடு தானாகவே நடந்து உள்ளே வந்து, பெயரையும் பிறந்த தேதியையும் தெளிவாகச் சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். .22 பட்டு, மேசைக்கு வருவதற்குள் போனவரையும் பார்த்திருக்கிறேன். காயத்தை வெளியிலிருந்து பார்த்து அது 9-ஆ 45-ஆ என்று எங்கள் டாக்டர்கள் சொல்வதில்லை. அது சிகிச்சையை மாற்றுவதும் இல்லை. எது அறுந்தது என்பதுதான் மாற்றும்.

ஆகவே எந்தத் தோட்டாவைப் போட்டாலும் எதிரே இருப்பவர் உடனே நிற்பார் என்று நம்பி அந்த நொடிக்குள் போகாதீர்கள். விலகிப்போக வழி இருந்தால் விலகிப்போவதே நல்லது.

இன்னொன்று, வாசு. துப்பாக்கியோடு டூர்னிகெட் (ரத்தப்போக்கை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டை) ஒன்றும் எடுத்துச் செல்லுங்கள். 'ஸ்டாப் தி பிளீட்' வகுப்பில் அதைக் கட்டச் சொல்லித் தருவார்கள், சில மணி நேரம்தான். வீட்டுக்கு வந்து இடுப்பிலிருந்து கழற்றியதும் துப்பாக்கி பூட்டிய பெட்டிக்குள் போக வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் உங்கள் வீட்டுக்கும் விளையாட வருவார்கள். சுவரைப் பற்றிக் கவலைப்படும் நீங்கள் மேசை இழுப்பறையைப் பற்றி இரு மடங்கு கவலைப்பட வேண்டும்.

சுந்தரம்_ஹூஸ்டன்

கலா அம்மா சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. இழுப்பறை விஷயத்தை நான் நடத்தும் துப்பாக்கி வகுப்பிலும் சொல்லப் போகிறேன்.

கிருஷ், நீங்கள் சொன்ன வரலாறு பாதி. எஃப்.பி.ஐ. 10 மி.மீ.-க்குப் போனது உண்மை. அதன் உதையைப் பலரால் தாங்க முடியாமல் வீரியத்தைக் குறைத்தார்கள். அந்தக் குறைந்த வீரியம் இன்னும் சிறிய தோட்டாக் கூட்டிலேயே கிடைக்கும் என்றதும் 1990-ல் .40 எஸ் அண்ட் டபிள்யூ பிறந்தது. மீதிப் பாதி இது: 2014-ல் குவாண்டிகோவில் இருக்கும் அவர்களுடைய பயிற்சிப் பிரிவே 9 மி.மீ.-க்குத் திரும்பலாம் என்று எழுதிக் கொடுத்தது. குண்டுகளின் வடிவமைப்பு முன்னேறிவிட்டது. நல்ல தற்காப்புக் குண்டுகளில் 9, .40, .45 மூன்றும் ஏற்படுத்தும் காயத்தில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை; பெரும்பாலான ஏஜெண்டுகள் 9-ல் வேகமாகவும் துல்லியமாகவும் சுடுகிறார்கள் என்பது அவர்கள் கண்டது. அதே அறிக்கையில்தான் காவலர்கள் துப்பாக்கிச் சண்டையில் சுடும் குண்டுகளில் 70 முதல் 80 விழுக்காடு குறி தவறுகின்றன என்ற வரியும் இருக்கிறது. என் மாணவர்களிடம் தோட்டா அளவைப் பற்றிய விவாதம் கிளம்பும்போதெல்லாம் அந்த வரியைத்தான் வாசித்துக் காட்டுவேன்.

உங்கள் .45 உங்கள் கையில் நன்றாகச் சுடுகிறது என்றால் அதை மாற்ற வேண்டியதில்லை. வாசுவுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மீனா_எடிசன்

டெக்சாஸ்காரர்கள் கடைச் சுவர் முழுக்க இருக்கும் பெட்டிகளில் எதை எடுப்பது என்று யோசிக்கிறீர்கள். நியூ ஜெர்சியில் எங்கள் நிலைமையைப் பாருங்கள். 2022 ஜூனில் உச்ச நீதிமன்றத்தின் புரூயன் தீர்ப்பு வந்த பிறகுதான் எங்களைப் போன்ற சாதாரண ஆட்களுக்குக் கேரி பெர்மிட் (துப்பாக்கியை வெளியே எடுத்துச் செல்லும் அனுமதி) கிடைக்கத் தொடங்கியது. பெர்மிட் கிடைத்தது, ஹாலோ பாயிண்ட் எடுத்துச் செல்லக் கூடாதாம்!

எனக்குக் கோபம் வருவது எங்கே தெரியுமா? ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூயார்க் காவல்துறை 1998-ல் ஹாலோ பாயிண்டுக்கு மாற முடிவெடுத்ததே, முழு உறைக் குண்டு ஆளைத் துளைத்து வெளியேறி வழியில் போகிறவர்கள் மேலும் சக காவலர்கள் மேலும் பட்டதால்தான். அவர்கள் ஆபத்து என்று கைவிட்டதை, பெர்மிட் வாங்கிய பெண் ஒருத்தி எடிசன் ரயில் நிலையத்தில் நிற்கும்போது வைத்திருக்க வேண்டும் என்கிறது எங்கள் சட்டம். எனக்குப் பின்னால் பிளாட்பாரத்தில் நிற்பவர்களை நினைத்தால் மனம் ஒப்பவில்லை.

ஆனால் எங்கள் ஊர்க் கடையில் ஹாலோ பாயிண்ட் தாராளமாக விற்கிறார்கள். விற்பது சட்டப்படி சரி என்றால் வைத்திருப்பது எப்படித் தவறு? யாராவது தெளிவாகச் சொல்லுங்கள்.

ரவீந்திரன்_பிஸ்கடவே

மீனா அக்கா, நான் வழக்கறிஞன் அல்ல. ஆனால் இதே கேள்வியோடு ஒரு வழக்கறிஞரிடம் காசு கொடுத்து உட்கார்ந்திருந்தவன்.

நியூ ஜெர்சிச் சட்டத்தில் ஹாலோ பாயிண்ட் குண்டை வைத்திருப்பதே நான்காம் நிலைக் குற்றம் என்பதுதான் பொது விதி. அதற்குள் விலக்குகள் இருக்கின்றன. வாங்கிய கடையிலிருந்து நேரே வீட்டுக்குக் கொண்டுபோகலாம். வீட்டில் வைத்திருக்கலாம், துப்பாக்கியில் நிரப்பியே வைத்திருக்கலாம். ரேஞ்சுக்குச் சட்டம் சொல்லும் முறையில் கொண்டுபோய் வரலாம். கடையில் விற்பது இதனால்தான். கேரி பெர்மிட் இந்த விலக்குகளில் ஒன்றல்ல. அதை இடுப்பில் வைத்துக்கொண்டு வீதிக்கு வந்தால் பெர்மிட் உங்களைக் காப்பாற்றாது.

வழி ஒன்று உண்டு. குழிக்குள் பாலிமர் அடைத்த குண்டுகளை ஹாலோ பாயிண்டாகக் கருதுவதில்லை என்று மாநிலக் காவல்துறையே தன் விளக்கத்தில் எழுதியிருக்கிறது. ஹார்னடி கிரிட்டிகல் டிஃபென்ஸ், கிரிட்டிகல் டியூட்டி இரண்டின் பெயரும் அதில் இருக்கின்றன. அந்த அடைப்பு இருப்பதால் துணி குழிக்குள் புகாது, குண்டு விரியும். நான் எடுத்துச் செல்வது கிரிட்டிகல் டியூட்டி 135 கிரெயின். ஆனால் இது காவல்துறையின் விளக்கம்தான், சட்ட வாசகம் அல்ல. அவ்வப்போது திறந்து, மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

பென்சில்வேனியாவில் உறவினர் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2013-ல் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு தாய், தன் மாநில பெர்மிட் இங்கேயும் செல்லும் என்று நினைத்து நியூ ஜெர்சிக்குள் காரோட்டி வந்தார். வழியில் நிறுத்திய காவலரிடம் தானே துப்பாக்கி இருக்கிறது என்று சொன்னார். கைதானார், அதில் இருந்த குண்டுகளுக்கும் தனியாகக் குற்றச்சாட்டு வந்தது. 2015-ல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கும்வரை அந்தப் பெண் பட்டது கொஞ்சமல்ல. பாலத்தைக் கடக்கும் முன் எந்த மாநிலத்தில் என்ன சட்டம் என்று பாருங்கள்.

கிருஷ்_ஆஸ்டின்

ஹாலோ பாயிண்ட் சர்வதேச அளவில் தடை செய்யப்பட்டது என்று என் மைத்துனர் வாதிடுகிறார். அது எந்த அளவுக்கு உண்மை?

ரவீந்திரன்_பிஸ்கடவே

1899 ஹேக் பிரகடனத்தைச் சொல்கிறார். அது அதில் இணைந்த நாடுகள் தங்களுக்குள் நடத்தும் போருக்கானது. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் தொழிற்சாலையில் பிரிட்டிஷ்காரர்கள் செய்த விரியும் குண்டுகள்தான் அதற்குக் காரணம். உள்நாட்டுக் காவல்துறையையும் தனிமனிதத் தற்காப்பையும் அது தொடவில்லை.

செந்தில்_ஃபிரிஸ்கோ

நான் ஹெச்-1பி-யில் இருக்கிறேன். டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து லைசென்ஸ் இல்லாமலேயே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம் என்கிறார்கள். நண்பர் ஒருவர் தன் பழைய துப்பாக்கியையும் இரண்டு பெட்டித் தோட்டாவையும் தருவதாகச் சொல்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

ரவீந்திரன்_பிஸ்கடவே

செந்தில், வேண்டாம். தயவுசெய்து வாங்காதீர்கள். டெக்சாஸ் மாநிலச் சட்டம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும், அதற்கு மேல் ஃபெடரல் சட்டம் இருக்கிறது. ஹெச்-1பி, எஃப்-1, எல்-1 போன்ற தற்காலிக விசாக்களில் வந்தவர்கள் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா வைத்திருப்பதும் குற்றம். வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. அவை உங்களுக்குப் பொருந்துமா என்பதைக் குடியேற்றச் சட்டமும் துப்பாக்கிச் சட்டமும் இரண்டும் தெரிந்த வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். உங்கள் விசா நிலை தெரிந்தே கொடுத்தால் நண்பரும் சிக்கலில் மாட்டலாம்.

கிரீன் கார்டு இருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் துப்பாக்கிக் குற்றம் ஒன்றில் தண்டனை பெற்றால் நாடு கடத்தும் நடவடிக்கை வரலாம். தோட்டா மட்டும் சம்பந்தப்பட்ட வழக்கு அந்த வரையறைக்குள் வருமா என்று வழக்கறிஞர்கள் வாதிட இடம் இருக்கிறது. அந்த வாதத்தை உங்கள் குடும்பத்தின் செலவில் நடத்திப் பார்க்க வேண்டாம் என்பதற்காகத்தான் மீனா அக்காவுக்கு அவ்வளவு நீளமாக எழுதினேன்.

கோமதி_ராலே

என் வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இரண்டு கைகளிலும் மூட்டுவலி. பிஸ்டலின் மேல்பாகமான ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்க முடியவில்லை. அதனால் .38 ஸ்பெஷல் ரிவால்வர் வைத்திருக்கிறேன், சின்ன ஐந்து குண்டு ரகம். கடையில் கொடுத்த பிளஸ் பி ஹாலோ பாயிண்டைச் சுட்டால் உள்ளங்கை இரண்டு நாள் வலிக்கிறது. அதனால் பயிற்சிக்கே போகாமல் இருக்கிறேன். எனக்கு ஏதாவது வழி உண்டா சார்?

சுந்தரம்_ஹூஸ்டன்

உண்டு அம்மா. 148 கிரெயின் வாட்கட்டர் கேளுங்கள். இலக்குப் போட்டிக்காகச் செய்தது. மெதுவாகப் போகும், உதை மிகக் குறைவு. அதன் முகம் தட்டையாக, ஓரம் கூர்மையாக இருக்கும். காகிதத்தில் அச்சு வெட்டியது போல வட்டமான துளை விழும். அது விரிவதை நம்பி இருப்பதில்லை. அதனால் உங்கள் குறுங்குழலில் விரியாமல் போகுமோ என்ற கவலையே எழாது. ஆழமும் போதுமான அளவு போகும். குறுங்குழல் .38-ல் பல ஹாலோ பாயிண்டுகள் விரிந்தால் ஆழம் போவதில்லை, ஆழம் போனால் விரிவதில்லை. .380 பிஸ்டல்களிலும் இதே இழுபறிதான்.

வாட்கட்டரில் ஒரே சங்கடம், குண்டின் முகம் கூட்டின் வாயோடு சமமாக இருப்பதால் அவசரத்தில் மறுபடி நிரப்புவது கடினம். முதல் ஐந்துக்கு அதுவும், மாற்று நிரப்பலுக்கு உருண்டை மூக்குக் குண்டும் வைத்துக்கொள்ளலாம். வலியில்லாமல் மாதம் ஒருமுறை பயிற்சிக்குப் போகும் நீங்கள், பிளஸ் பி வைத்துக்கொண்டு வீட்டில் இருப்பவரைவிட எவ்வளவோ பாதுகாப்பானவர்.

வாசு_பிளானோ

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. எச்.எஸ்.டி. 147, பிளஸ் பி அல்லாதது, வாங்கியிருக்கிறேன். பூட்டுப்பெட்டியும் வந்துவிட்டது, கலா அக்கா. சுந்தரம் ஐயா, இடுப்பில் வைக்கும் முன் இதில் எத்தனை சுட்டுப் பார்க்க வேண்டும்? பெட்டி விலை கையைக் கடிக்கிறது. இன்னொரு கேள்வி: தினமும் இரவு சேம்பரை (குழலின் பின்முனையில் தோட்டா நிற்கும் இடம்) காலி செய்துவிட்டுக் காலையில் மறுபடி நிரப்புகிறேன். அதில் ஏதாவது தீமை உண்டா?

சுந்தரம்_ஹூஸ்டன்

முதலில் மலிவான ஃபுல் மெட்டல் ஜாக்கெட் இரண்டு மூன்று பெட்டி, தடையில்லாமல் ஓடட்டும். பிறகு உங்கள் கேரி தோட்டாவில் குறைந்தது ஐம்பது, நீங்கள் எடுத்துச் செல்லும் மேகஸின்கள் ஒவ்வொன்றிலிருந்தும். இருநூறு சுடச் சொல்பவர்களும் உண்டு, முடிந்தால் நல்லது. ஹாலோ பாயிண்டின் அகன்ற வாய் சில துப்பாக்கிகளில் சேம்பரின் சரிவில் முட்டி நிற்கும். ஒருமுறை நின்றாலும் காரணம் தெரியும்வரை அந்தச் சேர்க்கையை இடுப்பில் வைக்காதீர்கள். 147 கிரெயினில் சுடும்போது குறி சற்று மேலேயோ கீழேயோ விழலாம். அதையும் காகிதத்தில் பார்த்துவிடுங்கள். பயிற்சிக்கும் 147 கிரெயின் உறைக் குண்டே வாங்கினால் உதையும் குறியும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்.

இரண்டாவது கேள்வியைக் கேட்டது நல்லதாயிற்று. தீமை உண்டு. ஒரே தோட்டாவைத் தினமும் சேம்பருக்குள் தள்ளினால், ஒவ்வொரு முறையும் அதன் மூக்கு சரிவில் இடித்து, குண்டு கூட்டுக்குள் சிறிது சிறிதாகப் பின்வாங்கும். உள்ளே இடம் குறைந்தால் சுடும்போது அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். பெட்டியில் இருக்கும் புதுத் தோட்டா ஒன்றை மேசையில் நிமிர்த்தி, உங்கள் சேம்பர் தோட்டாவை அதன் பக்கத்தில் நிறுத்தி, கண் மட்டத்தில் குனிந்து பாருங்கள். உயரம் குறைந்திருந்தால் அதைச் சுட வேண்டாம், மேகஸினுக்குள் திரும்பவும் போட வேண்டாம். ரேஞ்சில் பழுதான தோட்டாக்களைப் போடும் பெட்டி இருக்கும், அங்கே கொடுத்துவிடுங்கள்.

இதைவிட எளிது, தினமும் காலி செய்யாமல் இருப்பது. ஹோல்ஸ்டரோடு சேர்த்துக் கழற்றி, விசையைத் தொட இடமில்லாமல் அப்படியே பூட்டுப்பெட்டிக்குள் வைத்துவிடலாம். சுத்தம் செய்யும்போது மட்டும் காலி செய்யுங்கள். அப்போது தோட்டா மேல் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அடியில் தீமூட்டும் பிரைமருக்குள் இறங்கினால் வெடிக்காமல் போகும். ஆண்டுக்கு ஒருமுறை பழைய கேரி தோட்டாக்களைப் பயிற்சியில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதுப்பெட்டி திறக்கலாம்.